கூட்டு ஹெலிகாப்டரில் மிச்சமாகும் பணம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நகரங்கள் சேர்ந்து ஒரே போலீஸ் ஹெலிகாப்டர் பிரிவை வைத்துக்கொண்டு செலவைக் குறைக்கின்றன என்று உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. நல்ல யோசனை, எல்லோரும் பின்பற்றலாம் என்கிற தொனியில் முடித்திருந்தீர்கள். யோசனை நல்லதுதான், அதை மறுக்க நான் எழுதவில்லை. ஆனால் நான் குடியிருக்கும் தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இதே யோசனை பிறந்து, பதினைந்து வருடம் ஓடி, உடைந்து, பிறகு வேறு உருவத்தில் முளைத்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் ‘செலவு மிச்சம்’ என்று மட்டும் போட்டால் பாதிச் செய்திதான் ஆகிறது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் மிச்சம் என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு ‘யாருக்கு மிச்சம்?’ என்று கேட்கத் தோன்றும். கடிதம் கொஞ்சம் நீளம்தான், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை.

முதலில் தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஊரில் போலீஸ் மாநில அரசின் துறை. மதுரை மாநகராட்சி தனக்கென்று போலீஸ்காரர்களை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுப்பதில்லை. இங்கே அப்படி இல்லை, குப்பை வண்டி மாதிரியே போலீசும் நகரசபையின் பொறுப்பு, அவர்களின் சம்பளம், பென்ஷன், வண்டி, துப்பாக்கி எல்லாம் அந்த ஊர் வரிப்பணம். ஆரஞ்சு கவுன்ட்டியில் மட்டும் 34 நகரங்கள், பக்கத்து லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் 88. பல நகரங்கள் சொந்தப் போலீஸ் வைத்திருக்கின்றன, வைத்துக்கொள்ள முடியாதவை கவுன்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபுக்குப் பணம் கட்டி ஆள் வாங்கிக்கொள்கின்றன. ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெருப் பெயர்ப் பலகையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு நெருக்கம். கார் திருடிக்கொண்டு ஓடுகிறவன் பத்து நிமிடத்தில் மூன்று நகரங்களைக் கடந்துவிடுவான். மேலே பறக்கிற ஹெலிகாப்டருக்கோ ஒரு நகரம் என்பது ஒன்றிரண்டு நிமிடச் சமாச்சாரம்.

1987 மார்ச் மாதம் சாந்தா அனா நகரில் திருட்டுக் கார் ஒன்றில் உட்கார்ந்திருந்த ஒருவனைப் போலீஸ் நெருங்கியபோது அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினான். 48 மைல் துரத்தல். கீழே போலீஸ் கார்கள், மேலே நியூபோர்ட் பீச் நகரத்தின் ஹெலிகாப்டர் ஒன்று, கோஸ்ட்டா மேசா நகரத்தின் ஹெலிகாப்டர் ஒன்று. இந்த இரண்டு நகரங்களும் ஒட்டிப் பிறந்தவை, நடுவில் ஒரு தெருதான். இரண்டு ஹெலிகாப்டர்களும் இர்வைன் வானத்தில், அதாவது மூன்றாவது ஒரு நகரத்தின் தலைக்கு மேல், மோதிக்கொண்டன. கோஸ்ட்டா மேசா ஹெலிகாப்டரில் இருந்த மூன்று பேரும் இறந்துபோனார்கள். தரையில் கார் ஓட்டியவன் வானத்தில் நடந்த மோதலுக்குக் கொலைகாரன் ஆவானா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவன் ஓடியதுதான் அந்த மரணங்களுக்குக் காரணம் என்பதை ஒப்புக்கொண்டது, ஆனால் கொலைக்கு வேண்டிய மனநிலை நிரூபிக்கப்படவில்லை என்று கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த வழக்கைக் காரண காரியப் பாடத்தில் படிக்கிறார்கள். எனக்கு அந்தச் சட்டக் கேள்வி இரண்டாம்பட்சம். ஒரே ஒரு காரைப் பிடிக்க ஒட்டியிருக்கும் இரண்டு ஊர்களும் ஆளுக்கொரு ஹெலிகாப்டரை அனுப்ப வேண்டிய நிலை ஏன் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

ஒன்பது வருடம் கழித்து, 1996இல், கோஸ்ட்டா மேசாவும் நியூபோர்ட் பீச்சும் தங்கள் ஹெலிகாப்டர் பிரிவுகளை ஒன்றாக்கின. விபத்துதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், நடுவில் ஒன்பது வருடம் போயிருக்கிறது. பணக் கணக்கு ஒன்றே போதுமான காரணம். அந்தக் கணக்கை ஒருமுறை விரித்துப் பார்த்தால்தான் கூட்டு ஏன் சரி என்பதும் கூட்டு எங்கே உடையும் என்பதும் புரியும்.

ஹெலிகாப்டர் ஒன்று வாங்கினால் ஒன்று இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் கட்டாயம் இறக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். பல பாகங்களுக்கு ஆயுள் மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும், பளபளவென்று புதிதாக இருந்தாலும் மணி முடிந்தால் கழற்றிப் போட்டுவிட வேண்டியதுதான், எஞ்சின் ஓவர்ஹால் தனி. அதனால் எப்போது கூப்பிட்டாலும் ஒன்று பறக்கத் தயாராக இருக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டாவது வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் ஏறுவார்கள். ஓட்டுவது ஒருவர், கேமராவையும் விளக்கையும் ரேடியோவையும் பார்த்துக்கொண்டு கீழே இருக்கிறவர்களுக்கு வழி சொல்வது இன்னொருவர். ஷிஃப்ட் முறையில் பார்த்தால் எத்தனை பேர் ஆகிறது என்று நீங்களே கூட்டிக்கொள்ளலாம். அத்தனை பேரும் போலீஸ்காரர்கள், போலீஸ் பென்ஷன் உள்ளவர்கள், பறக்காத நாளிலும் பயிற்சிக்காகப் பறந்தே ஆக வேண்டியவர்கள். மெக்கானிக் வேண்டும், ஹெலிகாப்டரை நிறுத்தி வைக்கும் ஹேங்கருக்கு வாடகை, இன்சூரன்ஸ். இது எல்லாம் ஒரு சொட்டு எரிபொருள் ஊற்றுவதற்கு முன்பே ஆகிற செலவு. திருடனே இல்லாத மாதத்திலும் ஆகும்.

கோஸ்ட்டா மேசாவில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர், நியூபோர்ட் பீச்சில் அதற்கும் குறைவு. இவ்வளவு சின்ன ஊர் ஒவ்வொன்றும் இதைத் தனியாகச் சுமப்பது வீண். இரண்டு ஊரும் சேர்ந்தால் நிலையான செலவு ஏறக்குறைய பாதியாகிறது, பறக்கும் நேரம் அப்படியே இருக்கிறது. மூன்றாவதாக ஒருவர் கட்டணம் கொடுத்து வந்து சேர்ந்தால் இன்னும் குறைகிறது. அப்படித்தான் சாந்தா அனாவும் இவர்களிடம் பணம் கொடுத்துச் சேவை வாங்கியது. ஆக, கூட்டினால் செலவு குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. குறைகிற இடம் நிலையான செலவு. உடைகிற இடமும் அதுதான்.

ஊரில் பங்காளிகளுக்குள் கூட்டுக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முறை போட்டுத் தண்ணீர் இறைக்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். மோட்டார் எரிந்து காயில் கட்ட வேண்டிய அன்றைக்குத்தான், ‘நான் இந்த வருடம் வெள்ளாமையே வைக்கவில்லையே, எனக்கெதற்குச் செலவு’ என்று ஒருவர் சொல்வார், திருப்பூருக்குப் போய்விட்ட இன்னொருவர் ஃபோனையே எடுக்க மாட்டார். பத்திரத்தில் நாலில் ஒரு பங்கு என்று இருக்கும், மோட்டார் செலவைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

கோஸ்ட்டா மேசாவில் மோட்டார் எரிந்தது 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு. வீட்டு விலை விழுந்தது, கடைகளில் வியாபாரம் படுத்தது, இந்த ஊரின் பெரிய வருமானமே விற்பனை வரி. 2011 மார்ச்சில் நகர ஊழியர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு வேலை நீக்க நோட்டீஸ் கொடுக்கும் அளவுக்குப் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்தக் கவுன்சிலரும் முதலில் கை வைப்பது தலைக்கு மேல் சத்தம் போடுகிற பொருளின் மேல்தான், அதைக் குற்றமாகவும் சொல்ல முடியாது. அந்த வருடமே கூட்டுப் பிரிவு கலைந்தது. நியூபோர்ட் பீச் பணக்கார ஊர், அதன் கஜானா கோஸ்ட்டா மேசா அளவுக்கு அடி வாங்கவில்லை. ஆனாலும் பங்காளி விலகிய பிறகு மொத்தச் செலவையும் தனியாகத் தூக்குவதில் எந்த அர்த்தமும் இல்லை. ஒரு ஊரின் பட்ஜெட் இடிந்தால் இரண்டு ஊரின் ஹெலிகாப்டரும் இறங்கிவிடுகிறது, கூட்டில் இருக்கிற முதல் சிக்கல் இது, இதைப் பெட்டிச் செய்தியில் எங்கும் காணோம்.

அப்புறம் இரண்டு நகரங்களும் இன்னொரு வழியைப் பிடித்தன. கடற்கரையில் அடுத்திருக்கும் ஹன்டிங்டன் பீச் நகரம் நெடுங்காலமாகச் சொந்த ஹெலிகாப்டர்கள் வைத்திருக்கிறது. அதனிடமிருந்து மணிக்கணக்கில் சேவை வாங்கிக்கொள்வது என்று ஒப்பந்தம். பங்காளியாக இருப்பதை விட்டு வாடிக்கையாளர் ஆகிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு இதைவிடச் சௌகரியம் வேறு இல்லை, பைலட் பென்ஷன் இல்லை, ஹேங்கர் இல்லை, பறந்த மணிக்குப் பணம், அவ்வளவுதான். உங்கள் செய்தியில் ‘மிச்சம்’ என்று வந்ததும் பெரும்பாலும் இந்த மாதிரி வாங்குகிற ஊரின் மிச்சமாகத்தான் இருக்கும். விற்கிற ஊரின் கணக்கு என்ன? அந்த மணிக் கட்டணத்தில் எரிபொருளும் பைலட் நேரமும் மட்டும் இருக்கிறதா, அல்லது பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் புது ஹெலிகாப்டர் வாங்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கும் இருக்கிறதா? இல்லையென்றால் விற்கிற ஊர் மக்கள் வாங்குகிற ஊர் மக்களுக்கு மானியம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். இருந்தால், வாங்குகிற ஊர் சொத்தில் ஒரு பைசா உரிமை இல்லாமல் சொத்தின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது என்று நகரசபைக் கூட்டங்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை மாலை. நியூபோர்ட் பீச்சில் ஏதோ சண்டை என்று அழைப்பு வந்து ஹன்டிங்டன் பீச் ஹெலிகாப்டர் போனது. பால்போவா தீபகற்பத்தின் பக்கம், துறைமுகத் தண்ணீரில் விழுந்தது. பைலட்டைக் காப்பாற்றிவிட்டார்கள், கூட இருந்த போலீஸ்காரர் இறந்தார். ஒப்பந்தம்தான் விபத்துக்குக் காரணம் என்று சொல்வது அபத்தம், ஹெலிகாப்டர் எந்த ஊர் வானத்திலும் விழலாம். ஆனால் ஒரு ஊரின் சண்டையை விலக்கப் போய் இன்னொரு ஊரின் ஊழியர் உயிர் போயிருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குக் காலம் முழுக்கப் போக வேண்டிய பணம், அடுத்த வருட இன்சூரன்ஸ் பிரீமியம், போன ஹெலிகாப்டருக்குப் பதில் ஹெலிகாப்டர், இவை எதுவும் மணிக் கட்டணத்தில் தெரியாது. ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் ‘இழப்பீடு’ என்ற தலைப்பில் வக்கீல் தமிழ் மாதிரி வக்கீல் ஆங்கிலத்தில் நாலு பத்தி இருக்கும், படிக்கிறவர்கள் குறைவு.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாசடீனா நகரத்தைச் சுற்றி இன்னொரு மாதிரி இருக்கிறது. மலையடிவாரத்துச் சின்ன நகரங்கள் பலவும் பணம் போட, பாசடீனா போலீஸ் தன் ஹெலிகாப்டர்களால் எல்லோருக்கும் சேர்த்துப் பறக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட பழைய ஹெலிகாப்டர்களையும் அங்கே பயன்படுத்தினார்கள். அந்த வகையில் கிடைப்பது ஏறக்குறைய இலவசம், பராமரிப்பு இலவசம் இல்லை. 2012 நவம்பரில் பாசடீனாவின் இரண்டு ஹெலிகாப்டர்கள், ஒன்று இறங்கும்போது, சொந்தத் தளத்திலேயே இடித்துக்கொண்டு நொறுங்கின. நல்லவேளை யாரும் சாகவில்லை, காயத்தோடு போயிற்று. ஒரே நொடியில் இரண்டு போய்விட்டால் அதை நம்பியிருக்கும் அத்தனை ஊருக்கும் அல்லவா இடி? ஆனாலும் அந்தக் கூட்டு உடையவில்லை. சொத்தும் பொறுப்பும் ஒரே ஊரிடம் தெளிவாக இருப்பதும், பணம் போடுகிறவர்கள் இரண்டு பேராக இல்லாமல் பலராக இருப்பதும்தான் காரணம் என்று நினைக்கிறேன். இருவரில் ஒருவர் போனால் பாதி போகிறது, பத்துப் பேரில் ஒருவர் போனால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கொஞ்சம் கூடக் கட்டிவிடுவார்கள்.

சரி, அப்படியானால் எல்லோரும் சேர்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இங்கிலாந்தைப் பாருங்கள். 2012இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் ஒரே போலீஸ் வான்படை என்று ஆக்கினார்கள், வெஸ்ட் யார்க்‌ஷயர் போலீஸ் அதை நடத்தியது. செலவைக் குறைக்கத் தளங்களை மூடி 15 ஆக்கினார்கள். தளம் குறைந்தால் தூரம் கூடும். பணம் கட்டுகிற கிராமப்புற மாவட்டங்கள், எங்களுக்கு ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது என்று புலம்பின. புலம்பியவர்கள் கூப்பிடுவதைக் குறைத்தார்கள், பறக்கும் மணி குறைந்தது, நிலையான செலவு அப்படியே இருக்க மணிக்கு ஆகிற செலவு ஏறியது. 2017இல் அந்த நாட்டுப் போலீஸ் ஆய்வுத் துறையே இதைக் கடுமையாகக் குறை சொல்லி அறிக்கை கொடுத்தது. கூட்டு பெரிதானால் சிக்கனம் என்பது ஓர் அளவு வரைதான் உண்மை, அதற்கு மேல் போனால் எந்த ஊரும் அதைத் தன்னுடையது என்று நினைக்காது.

இந்த ‘மணிக்கு இவ்வளவு’ என்கிற எண்ணே கொஞ்சம் ஏமாற்றுகிற எண், இதையும் சொல்லிவிடுகிறேன். நிலையான செலவு பெரிதாக இருப்பதால் அதிகம் பறந்தால் மணிச் செலவு குறைந்த மாதிரித் தெரியும். சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலே போதும், அறிக்கையில் சிக்கனம் வந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் யாரோடும் கூட்டு வைத்துக்கொள்ளத் தேவையில்லாத பெரிய நகரம், 17 ஹெலிகாப்டர்கள் வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் அந்நகரத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் கன்ட்ரோலர் கென்னத் மெஹியா வெளியிட்ட தணிக்கை அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 4 கோடியே 66 லட்சம் டாலர் செலவு, சுமார் 16,000 மணி நேரப் பறப்பு, மணிக்கு 2,916 டாலர். நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். அந்தப் பறப்பில் 61 சதவீதம் பெரிய குற்றங்களோடு சம்பந்தமில்லாத வேலைகளுக்கு, கோல்ஃப் போட்டி ஒன்றின் மேல் பறந்து காட்டியதுகூட அதில் அடக்கம். ஹெலிகாப்டர் பறப்பதால் குற்றம் குறைகிறது என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. போலீஸ் துறை இதை ஒப்புக்கொள்ளாது, துரத்தலில் ஹெலிகாப்டர் மேலே வந்துவிட்டால் தரையில் கார்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், விபத்து குறையும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. காணாமல் போன முதியவரை இரவில் வெப்பக் கேமரா கண்டுபிடிப்பதும் உண்மைதான். ஆனால் அதற்கெல்லாம் எத்தனை மணி, சும்மா ரோந்து எத்தனை மணி என்று பிரித்துக் காட்டினால்தானே பங்கு போடுகிற ஊருக்கு எதில் பங்கு போடுகிறோம் என்று தெரியும்? தேவையில்லாத ஒன்றைப் பாதி விலைக்கு வாங்குவது மிச்சம் ஆகாது.

இன்னொரு விஷயம் கணக்கில் வராது, காதில் வரும். இரவு தூங்கும் நேரத்தில் வீட்டு மேல் வட்டமடிக்கத் தொடங்கினால் ஜன்னல் கண்ணாடி அதிரும், குழந்தை எழுந்துகொள்ளும். சொந்த ஊர் ஹெலிகாப்டர் என்றால் சொந்தக் கவுன்சிலரைப் பிடித்துச் சண்டை போடலாம். ஒப்பந்த ஹெலிகாப்டர் என்றால் யாரிடம் கேட்பது? ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், எங்கள் ஊர் போலீஸ் ஹெலிகாப்டர்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள், அவர்கள் உங்கள் ஊர் போலீசைக் கேளுங்கள் என்றார்கள். அழைத்தது ஒருவர், பறந்தது இன்னொருவர், தூக்கம் போனது மட்டும் எனக்கு.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது முன்னுரிமை. பங்கிடுவது எப்போது லாபம்? ஒருவருக்குத் தேவைப்படும் நேரத்தில் மற்றவருக்குத் தேவைப்படாதபோது. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கோ தேவை ஒரே நேரத்தில்தான் வரும். ஜூலை 4 சுதந்திர தினத்தன்று ஹன்டிங்டன் பீச் கடற்கரையிலும் கூட்டம், நியூபோர்ட் பீச் கடற்கரையிலும் கூட்டம், இரண்டு இடத்திலும் பட்டாசு, குடி, அடிதடி. அன்றைக்கு ஒரே ஒரு ஹெலிகாப்டர்தான் பறக்கிறது என்றால் அது யார் தலைக்கு மேல் இருக்கும்? உரிமையாளர் தலைக்கு மேல்தான். மணிக்குப் பணம் கொடுக்கிறவர், அழைத்தால் வரும் என்ற நம்பிக்கைக்குப் பணம் கொடுப்பதில்லை, வந்த மணிக்கு மட்டும் கொடுக்கிறார். தீயணைப்பில் இங்கே இதை ஒழுங்காகச் செய்கிறார்கள், யார் ஊர் எரிந்தாலும் பக்கத்து ஊர் வண்டி வரும், யார் முதலில் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். போலீஸ் ஹெலிகாப்டரில் அந்தத் தெளிவு வர வேண்டும்.

இப்போது ட்ரோன் வந்துவிட்டதே, இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சான்டியேகோவுக்குத் தெற்கே சூலா விஸ்டா நகரப் போலீஸ் 2018 அக்டோபரிலிருந்து 911 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு வந்ததும் கட்டடக் கூரையிலிருந்து ட்ரோனை அனுப்புகிறது, பெரும்பாலும் போலீஸ் காருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அழைப்பு பொய்யாக இருந்தால் ஆளே அனுப்ப வேண்டியதில்லை. சண்டை நடக்கிறதா, கையில் இருப்பது துப்பாக்கியா தொலைபேசியா என்று பார்க்க இரண்டரை லட்ச ரூபாய் மணி எதற்கு? ஹெலிகாப்டர் செய்யும் அன்றாட வேலையில் பெரும்பகுதியை ட்ரோனே செய்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் 48 மைல் துரத்தலை அது செய்யாது, மலையில் வழி தவறியவரைத் தூக்கி வராது. அதோடு எல்லார் வீட்டுக் கொல்லைப்புறமும் அதன் கேமராவில் விழும். அந்த வீடியோக்கள் மொத்தத்தையும் விசாரணை ஆவணம் என்று சொல்லிப் பூட்டி வைக்க முடியாது என்று 2023 டிசம்பரில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சூலா விஸ்டா வழக்கில் சொல்லியிருக்கிறது, சண்டை ஓயவில்லை. இதில் வேடிக்கை, ட்ரோன் மலிவு என்பதால் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக வாங்குகிறது. ஹெலிகாப்டரில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட கூட்டுப் பாடம் அங்கே மறந்துபோகிறது, 34 ஊரும் தனித்தனியாக ட்ரோன் பறக்கவிட்டால் 1987 மறுபடி சின்ன அளவில் வரும்.

என் கருத்து இதுதான். தனித்தனி ஹெலிகாப்டர் வேண்டாம், ஒன்றிரண்டு ஊர் மட்டும் கை கோத்துக்கொள்வதும் வேண்டாம். ஆரஞ்சு கவுன்ட்டியில் ஷெரிஃபிடம் ஏற்கெனவே ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன, அனஹைம் நகரத்திடம் இருக்கின்றன, ஹன்டிங்டன் பீச்சிடம் இருக்கின்றன. எங்கள் கவுன்ட்டி ஒன்றும் இங்கிலாந்து அளவு பெரிதில்லை, ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஹெலிகாப்டரில் போக அதிக நேரம் ஆகாது. இந்த மூன்றையும் ஒரே அமைப்பாக்கி, நிலையான செலவை மக்கள்தொகைப்படி எல்லா ஊரும் வருடா வருடம் கட்ட வேண்டும், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும். மணிக் கட்டணம் எரிபொருளுக்கும் தேய்மானத்துக்கும் மட்டும். விலக நினைக்கிற ஊர் இரண்டு வருட முன்னறிவிப்புத் தர வேண்டும், அதுவரை கட்ட வேண்டும். ஒவ்வொரு பறப்பும் எந்த ஊர் அழைத்தது, எதற்கு, எத்தனை நிமிடம் என்று மாதாமாதம் இணையத்தில் போட வேண்டும். புகார் சொல்ல ஒரே ஒரு எண். மேயர்களுக்கு இது பிடிக்காது. தன் ஊர்ப் பெயர் எழுதிய ஹெலிகாப்டரை அணிவகுப்பில் பறக்கவிடுவதில் இருக்கும் சந்தோஷம் எட்டாவது பங்குக்காரராக இருப்பதில் வராது. அனஹைமும் ஹன்டிங்டன் பீச்சும் தங்களுடையதைச் சும்மா தூக்கிக் கொடுக்கப் போவதும் இல்லை, அதற்கொரு விலை பேசித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு செய்தி ஏஜென்சியிலிருந்து வரும்போது, இவ்வளவு லட்சம் டாலர் மிச்சம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த ஊர் சொன்ன எண் என்றும் போடுங்கள், விற்கிற ஊரா வாங்குகிற ஊரா என்று. ஒரு வரிதான் கூடும்.

இந்தப் பக்கத்து நகரங்களில் நம்மவர்கள் ஏராளமாக இருக்கிறோம், வீட்டு வரி கட்டுகிறோம், நகரசபைக் கூட்டத்துக்குப் போவது மட்டும் குறைவு. இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ‘ஒப்புதல் பட்டியல்’ என்ற தலைப்பில், மரம் வெட்டுகிற டெண்டரோடும் பேனர் அனுமதியோடும் சேர்ந்து, ஒரே ஓட்டில் விவாதம் இல்லாமல் நிறைவேறிவிடும். அதிலிருந்து ஹெலிகாப்டர் விஷயத்தை மட்டும் தனியே எடுத்து விவாதியுங்கள் என்று கவுன்சிலரிடம் கேட்கலாம். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே நிகழ்ச்சி நிரலை இணையத்தில் போட்டுவிடுவார்கள், பின்னிணைப்பில் ஒப்பந்தம் முழுசாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
இர்வைன், கலிபோர்னியா